சிவப்பு அட்டை கட்டாத முயல்

என் மகளுக்குத் தமிழ் பேச வரும், தட்டுத் தடுமாறி. படிக்க வராது. புனேயில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு மராத்தியும் இந்தியும் இங்கிலீஷும் போதும் என்று முடிவு செய்தவன் நான்தான். அந்தத் தைரியத்தில்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். கோழை செய்கிற காரியம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன். நேரில் வந்து சொன்னால் சண்டைக்குப் போவேன். என் குணம் அப்படி.

இருபத்தாறு வருடமாகப் போசரியில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். கார், லாரிகளுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் செய்து அனுப்பும் இடம். கோயமுத்தூரில் டிப்ளமோ முடித்து ஒரு சூட்கேஸோடு ரயிலேறி வந்தவன், இன்று தரச் சோதனைப் பிரிவுக்குத் தலைவன். என்னிடம் வசவு வாங்காத ஆள் அங்கே வாசல் காவலர் ஒருவர்தான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். தப்பு. அவரும் வாங்கியிருக்கிறார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஷிஃப்ட் தொடங்கும்போது வேண்டுமென்றே கெடுத்த ஒரு ஒயர்க்கட்டை நல்லவற்றோடு கலந்து விடுவோம். சோதிக்கிறவர் அதைக் கண்டுபிடிக்கிறாரா என்று பார்க்க. அதற்குப் பெயர் முயல். முயல் விடுவதற்கு விதி இருக்கிறது. சோதிப்பவர் கண்ணில் படாத மூலையில் அதற்கு ஒரு சிவப்பு அட்டை கட்ட வேண்டும். நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது திரும்பக் கைக்கு வரும்வரை ஒரு பெட்டிகூட வாசலைத் தாண்டக் கூடாது. அட்டை கட்டாத முயல் முயலே இல்லை, வெறும் பழுது. அது வண்டிக்குள் போனால் யாராவது சாவார்கள். இந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவனும் நானே.

முயலைப் பிடிக்காமல் விட்ட பெண்களை வரிசைக்கு முன்னால் நிறுத்துவேன். “இது உன் அண்ணன் ஓட்டுற வண்டிக்குப் போயிருந்தா என்ன பண்ணுவே?” என்று மராத்தியில் கேட்பேன். அழுவார்கள். அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. இப்போது இல்லை என்று சொல்லி என்ன பிரயோஜனம்?

மகள் எலெக்ட்ரிகல் படித்தாள். சாகணில் வண்டி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பயிற்சி இன்ஜினியராகச் சேர்ந்தாள். அங்கே நாலு பேர் மட்டும் உட்காரும் ஒரு மேஜை இருந்தது. சந்தைக்கு வராத புது மாடல்களுக்கு முதல் ஒயர்க்கட்டைக் கையாலேயே செய்து பார்க்கும் மேஜை. அதில் ஒரு இடம் காலியாகப் போகிறது, பயிற்சி முடியும்போது ஒருவரை எடுப்பார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை. “எனக்கு அந்த டேபிள் வேணும்ப்பா. பஸ், ஓர் குச் நஹி,” என்பாள். அது போதும், வேறொன்றும் வேண்டாம் என்று. சோறு போட்டால்கூட அந்த மேஜையைப் பற்றித்தான் பேசுவாள்.

அவளுக்கு ஒரு உபத்திரவம் உண்டு. குளிர் பட்டால் விரல்களுக்கு ரத்தம் போகாமல் வெளுத்துவிடும். டாக்டர் அதற்கு ஒரு வெள்ளைக்காரன் பெயர் சொன்னார். உயிருக்கு ஆபத்தில்லை, சூடாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். டிசம்பர் பிறந்ததும் தொல்லை ஆரம்பித்தது. முதல் ஷிஃப்டுக்கு விடியுமுன்னே மோட்டார் பைக்கில் கிளம்ப வேண்டும். பயிற்சியில் இருப்பவர்களுக்குக் கம்பெனி பஸ் கிடையாது. மோஷி தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறினால் காற்று ஊசியாகக் குத்தும். கம்பளி உள்வைத்த தடித்த கையுறை போட்டும், அங்கே போய்ச் சேர்ந்து அரை மணி நேரம் அவளால் ஒரு ஸ்குரூகூடப் பிடிக்க முடியவில்லை.

“ஏனுங்க, புள்ளையோட விரலப் பாருங்க. சுண்ணாம்பாட்ட வெளுத்துக் கெடக்குது,” என்றாள் என் மனைவி.

“என் கை தூங்கிடுச்சு அம்மா,” என்றாள் மகள். இந்தியில் அப்படித்தான் சொல்லுவார்கள்.

“கை தூங்குமா? தாலாட்டுப் பாடுனயா? மரத்துப்போச்சுன்னு சொல்லு. இருபத்திரண்டு வயசாச்சு, தமிழ் வரல,” என்றேன். விரல் வெளுத்திருந்ததைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

அவளே தேடினாள். ஹீட்டட் கிரிப் என்று ஒன்று இருக்கிறது. ஹேண்டில்பாரில் கை பிடிக்கும் ரப்பருக்குள் மெல்லிய கம்பிச்சுருள். பேட்டரி மின்சாரத்தில் சூடாகும். லடாக் போகிறவர்கள் மாட்டுவது. ஒரு வாரம் செல்போனும் நோட்டுமாக உட்கார்ந்து ஆராய்ந்தாள்.

“புனேல என்ன பனியா பேயுது? பக்கத்துல சாகண் போறதுக்கு அடுப்பு கட்டிட்டுப் போறாளாம் அம்மிணி,” என்றேன்.

அவள் சிரித்துவிட்டு நோட்டைக் காட்டினாள். மேலே சுற்றி ஒட்டுகிற துணி மாதிரிச் சாமான் ஒன்று இருந்தது. பிடி தடித்துப்போகும், பிரேக் லீவர் எட்டாது, வேண்டாம் என்று அடித்திருந்தாள். பேட்டரி வைத்த கையுறை இன்னொன்று. பாதி வழியில் சார்ஜ் தீர்ந்தால் கதை கந்தல், அதையும் அடித்திருந்தாள். பழைய ரப்பரைக் கழற்றிவிட்டு முழுசாக மாட்டும் ரகத்தை எடுத்திருந்தாள். வண்டியின் சார்ஜிங் எவ்வளவு தாங்கும், ஹெட்லைட் எரியும்போது எவ்வளவு மிஞ்சும், கிரிப் எவ்வளவு இழுக்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் பார்த்தேன். ஒரு தப்புக்கூட இல்லை. எனக்கு எரிச்சல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே பார்க்கிங்கில் வேலையை ஆரம்பித்தாள். நான் கூப்பிடாமலே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கீழ்வீட்டு மராத்திக்காரர், ரிடையரானவர், நாங்கள் காக்கா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுவோம், அவரும் டீ கிளாஸோடு வந்து நின்றார்.

பழைய ரப்பரைப் பிளேடால் கீறி எடுத்தாள். வலதுபக்கம், ஆக்சிலேட்டர் குழாய் மேலே பிளாஸ்டிக் வரிகள் இருந்தன. அவற்றை அரத்தால் தேய்த்து மழமழவென்று ஆக்கினாள். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். பசை தடவி, ஒயர் வெளியே வரும் மூலை பிரேக் லீவரில் இடிக்காத கோணம் பார்த்து ஒரே தள்ளில் மாட்டினாள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பினாள். ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டாள், டக்கென்று திரும்பியது. ஒயர் எங்கேயும் இழுபடவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “நேரா பேட்டரில குடுத்துரு. எதுக்குச் சுத்தி வளைக்கற?”

“ரிலே வேணும்ப்பா. சாவி ஆஃப் பண்ணா இதுவும் ஆஃப் ஆகணும். நான் மறந்துட்டு உள்ள போய்ட்டேன்னா பேட்டரி காலி.”

அவள் சொன்னது சரி. எங்கள் தொழிற்சாலையில் ஒருவன் நான் சொன்னபடி செய்திருந்தால் அவனைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள், குத்திக்காட்டவில்லை. ஆனால் காக்காவுக்குப் புரிந்துவிட்டது. “போர்கி ஹுஷார் ஆஹே!” என்று சத்தமாகச் சிரித்தார். பெண் கெட்டிக்காரி என்று. பிறகு என் தோளில் தட்டி, நீ இனி ரிடையர் ஆகிவிடலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். நானும் சிரித்தேன். 

ஒயர் முனைகளில் உலோகக் கொக்கி வைத்து அழுத்துவதைக் கிரிம்ப் என்போம். ஒவ்வொன்றையும் அழுத்தி, கனெக்டருக்குள் செருகி, பின்னாலிருந்து இழுத்துப் பார்த்தாள். செருகும்போது பூட்டு விழும் சத்தம் கேட்கக் காதை அருகில் வைத்தாள். கிளிக். சிரித்தாள். அடுத்தது. கிளிக். இருபது வருடம் வேலை பார்த்தவர்களிடம்கூட நான் இவ்வளவு சுத்தமான கையைக் கண்டதில்லை. சாவியைத் திருப்பினாள். ஐந்தே நிமிடத்தில் பிடி சூடேறிவிட்டது. மனைவி வந்து தொட்டுப் பார்த்து, “அடி ஆத்தி, தோசக்கல்லாட்ட இருக்குது!” என்று கையை உதறினாள்.

மகள் என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது.

“ஒரு வாரம் ஓடட்டும். பாப்போம்,” என்றேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் தாயும் மகளும் கோயிலுக்குப் போனார்கள். நான் கீழே இறங்கினேன். சீட்டைக் கழற்றி, அவள் மாட்டிய கனெக்டரை எடுத்தேன். மெல்லிய ஊசி ஒன்று எப்போதும் என் சாவிக்கொத்தில் கிடக்கும். அதை உள்ளே விட்டு ஒரு கொக்கியின் பூட்டை விடுவித்து, ஒரு நூல் அளவு பின்னுக்கு இழுத்தேன். முழுசாகக் கழற்றவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வண்டி நிற்கும்போது தொட்டுக்கொண்டிருக்கும், குலுங்கினால் விலகும். எங்கள் இடத்தில் இதுதான் முயல்களிலேயே கெட்டிக்கார முயல். ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் மட்டுமே பிடிபடும். காலையில் கிளம்பும்போது அவள் இழுத்துப் பார்ப்பாள், பிடித்துவிட்டால் பாராட்டலாம், பிடிக்காவிட்டால் சாயங்காலம் வந்து “அப்பா, சூடு வரல” என்று நிற்பாள், அப்போது நாற்காலி போட்டு உட்கார்ந்து தப்பு எங்கே என்று காட்டலாம். இவ்வளவுதான் என் திட்டம். சொந்த வண்டியில் தினமும் ஒயரை இழுத்துப் பார்க்கிற மடையன் உலகத்தில் எங்கே இருக்கிறான்? அது எனக்கு அப்போது தோன்றவில்லை. அட்டையும் கட்டவில்லை, நோட்டிலும் எழுதவில்லை. காக்கா சிரித்தது மட்டும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை அவள் மெல்லிய தோல் கையுறையை எடுத்தாள். தடித்ததைப் போட்டால் கிரிப்பின் சூடு கைக்கு வராது, அதனால் அது வேண்டாம் என்று மேஜை மேலேயே வைத்துவிட்டாள். நான் டீ குடித்துக்கொண்டு அதைப் பார்த்தேன். மெல்லிய கையுறையோடு அவள் பாலத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று இந்த மண்டையில் ஒரு கணம் வந்தது. வந்ததா இல்லையா என்று பலமுறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். வந்தது.

“சூடா இருக்கு அப்பா! மஸ்த்!” என்று கீழேயிருந்து கத்தினாள். வண்டி சத்தம் தெரு முனையில் மறைந்தது. நான் இரண்டாவது டீ கேட்டேன்.

ஏழு மணிக்குப் போன் வந்தது. பாலத்துக்கு முன்னாலேயே சூடு நின்றுபோயிருக்கிறது. நேரமாகிவிட்டதே என்று அவள் நிறுத்தவில்லை. பாலம் தாண்டும்போது விரல் பத்தும் கட்டை. முன்னால் கரும்பு டிராக்டர் ஒன்று நின்றிருக்கிறது. பிரேக்கைப் பிடிக்கப் போனால் விரல் மடங்கவில்லை. காலால் பின் பிரேக்கை மிதித்து, வண்டி வழுக்கி, வலது கையின் மேல் விழுந்திருக்கிறாள். ஹேண்டிலுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே கடைசி இரண்டு விரல்கள்.

பின்னால் வந்த டெம்போக்காரர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாங்கள் போனபோது எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். கம்பி வைக்க வேண்டும், இவளுக்கு ரத்த ஓட்டம் சரியில்லாததால் ஆறுவதற்கு நாளாகும், சுண்டுவிரல் பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கட்டில் பக்கம் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சத்தியமாக. வாயையும் திறந்தேன்.

அதற்குள் அவள் சொன்னாள்: “ஸாரிப்பா. கனெக்டர் நான் சரியா போடல போல. கிளிக் கேட்டுச்சு… கேட்டுச்சுன்னு நான் நெனச்சேன்.”

கண்ணில் நீர் இல்லை. விரலைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. தன் காது கேட்டது நிஜமா இல்லையா என்பதுதான் அவளுக்குக் கவலையாக இருந்தது. இழுத்துப் பார்த்தாயே அம்மா, உன் கை தப்பே செய்யவில்லை, உன் அப்பன்தான் செய்தான். இதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும்.

“அவசரப்பட்டா அப்படித்தான் ஆகும்,” என்றேன்.

ஆமாம், அதைத்தான் சொன்னேன். எழுதும்போதே என் வாயில் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. பிரயோஜனமில்லை, அன்றைக்கு அடித்திருக்க வேண்டும்.

டெம்போவில் வண்டி வீட்டுக்கு வந்தது. நான் முதல் வேலையாகச் சீட்டைக் கழற்றி, அந்தக் கொக்கியைப் பழையபடி உள்ளே தள்ளினேன். கிளிக் என்று விழுந்தது. சாவி போட்டேன். நெளிந்துபோன ஹேண்டிலில் இரண்டு பிடிகளும் சூடாகின. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். இருபத்தாறு வருடத்தில், தடயத்தை மறைத்த எத்தனையோ பேரை வேலையை விட்டு அனுப்பியவன் நான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அவளும் கீழே இறங்கிச் சாவி போட்டுப் பார்த்தாள். சூடு வந்தது. நேரம் போகப் போக அவள் முகம் வாடியது. “இப்ப வருது. அன்னிக்கு வரல. அப்போ லூஸ் காண்டாக்ட்தான். என் தப்புதான்,” என்றாள். ஒயரை இழுத்துப் பார்த்தாள், அது வரவில்லை. அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள்: விழுந்த வேகத்தில் தானாக உள்ளே போயிருக்கும். அவளுக்கு வேறு யாரையும் சந்தேகிக்கத் தோன்றவில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன்.

ஜனவரியில் கட்டுப் பிரித்தார்கள். மோதிர விரல் ஒருவாறு தேறியது. சுண்டுவிரல் பாதிக்கு மேல் மடங்கவில்லை. கம்பெனியிலிருந்து அவளுடைய மேனேஜர் பேசினார். நல்ல மனிதர். அந்த மேஜைக்கு உன்னைத்தான் நினைத்திருக்கிறோம், சுண்டுவிரல் பெரிய விஷயமில்லை, வெள்ளிக்கிழமைக்குள் சரி என்று ஒரு வார்த்தை அனுப்பு என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினாள். நானும் கேட்டேன், மனைவியும் கேட்டாள். “போ கண்ணு, போ! இதுக்குத்தானே இத்தன பாடு!” என்று மனைவி அவளைக் கட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் மகள் ஒரு தாளோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். எங்கள் தொழிலில் ஒரு தப்பு நடந்தால் தாள் ஒன்று எழுதுவார்கள். ஏன் நடந்தது, அது ஏன், அந்த ஏனுக்கு ஏன் என்று ஐந்து முறை கேட்டுக்கொண்டு வேர்வரை போவது. கடைசியில் பொறுப்பு யாருடையது, இனி என்ன செய்வது என்று எழுதி, மூத்தவர் ஒருவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவள் விழுந்ததற்கு அந்தத் தாளை எழுதியிருந்தாள். வலது கையில் பேனா நிற்காததால் இடது கையால், கோணல் மாணலாக, இங்கிலீஷில்.

ஏன் விழுந்தேன்? கை மரத்திருந்தது. ஏன் மரத்தது? சூடு நின்றது. ஏன் நின்றது? கொக்கி பின்னால் வந்துவிட்டது. ஏன் வந்தது? பூட்டு முழுசாக விழவில்லை. ஏன் விழவில்லை? செய்தவர் இழுத்துப் பார்க்கவில்லை, பார்த்ததாக நினைத்துக்கொண்டார். செய்தவர் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதியிருந்தாள். இனி செய்ய வேண்டியது என்ற கட்டத்தில், இவரை ஒயர் வேலையில் அமர்த்தக் கூடாது என்று இருந்தது.

“மேனேஜர் சார் கிட்ட இத அனுப்பறேன். அந்த டேபிள் வேணாம்னு சொல்றேன். டாக்குமெண்ட் செக்ஷன்ல கேட்டிருக்கேன்,” என்றாள். “புது வண்டிப்பா. டெஸ்ட்ல அத யாரோ ஓட்டுவாங்க. எனக்கு என் கை மேல பரோஸா இல்ல.” நம்பிக்கை என்ற வார்த்தை அவளுக்குத் தமிழில் வரவில்லை. “நீங்க செக் பண்ணுங்க. நீங்கதான் கரெக்டா சொல்வீங்க.”

தாள் என் மடியில் இருந்தது. நாலாவது ஏனிலிருந்தே தப்பு இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். மனைவி அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் பேனாவை நீட்டிக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் இந்த முகம் இனி என்னை இப்படிப் பார்க்காது என்று தோன்றியது. இவ்வளவு மரியாதையாக அவள் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“தேதி போடல பாரு,” என்றேன்.

“ஓ, ஸாரி,” என்று தாளை வாங்கித் தேதி போட்டுக் கொடுத்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். அவள் இடது கையால் அதைப் போட்டோ எடுத்து, என் கண் முன்னாலேயே சாகணுக்கு அனுப்பினாள்.